நாங்கள் பாலத்தை உடைத்த ஞாயிறு

கம்ப்யூட்டரில் ஆளைச் சுட்டு விளையாடுகிற பிள்ளை நாளைக்கு நிஜமாகவே ஆளை அடிக்கும் என்பது அம்மாவின் கட்சி. அப்பா எங்கள் கட்சி. "நான் தெனமும் கவ்வாத்துக் கத்தியோடதான் மலைக்குப் போறேன். யாரையாச்சும் வெட்டிட்டேனா?" என்று அவர் கேட்டபோது, வழக்கில் வென்றுவிட்டதாகவே அண்ணனும் நானும் நினைத்தோம். கவ்வாத்து வெட்டுகிற தேயிலைச் செடியைத் தவிர வேறெதன்மீதும் அப்பாவின் கத்தி பட்டதில்லை என்பது எங்கள் லயத்து வீடுகள் அத்தனைக்கும் தெரியும். கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டு மாமாதான் வரவேண்டும்.

அம்மா லேசில் மசிகிறவளா? ஞாயிற்றுக்கிழமை அப்பாவே எங்களை ஹட்டனுக்குக் கூட்டிப்போய் அந்த விளையாட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். வீடு திரும்புவதற்குள் யாராவது கை ஓங்கினால் அன்றோடு அதற்கு முழுக்கு என்று தீர்ப்புச் சொன்னாள். எலியும் பூனையுமாக இருந்த அண்ணனும் நானும் அந்த வாரம் முழுக்கச் சண்டையே போடவில்லை.

கம்ப்யூட்டர் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. அண்ணன் சுடுவான்; எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று காட்டிக்கொடுப்பது என் வேலை. அப்பா முதலில் தோட்டத்துத் துரைக்கு முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் கட்டிய கை அவிழ்ந்தது. பிறகு என் தலைக்கு மேலாகக் குனிந்து, சுவருக்குப் பின்னால் ஒருத்தன் இருக்கிறான் என்று எனக்கு முன்பே சொல்லிவிட்டார். என் வேலை போயிற்று. கடைசியில் அண்ணன் பாலத்துக்கு அடியில் குண்டு வைக்க, பாலமும் அதன்மேல் வந்த படையும் சேர்ந்து சிதற, நாங்கள் மூவரும் போட்ட கூச்சலில் கடைக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷமாக அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பஸ்ஸில் ஏறியும் எங்கள் குதூகலம் அடங்கவில்லை. வடக்கே யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம் அது. நோர்வூட் போகும் வழியில் புதிதாக ஒரு செக்பாயிண்ட் முளைத்திருந்தது. அங்கே பஸ் நின்றதையோ, துப்பாக்கியோடு ஓர் ஆமிக்காரன் ஏறியதையோ அண்ணன் கவனிக்கவில்லை. "பாலத்துக்கு அடியில குண்ட வச்சேன் பாருங்கப்பா, அத்தன ஆமியும் காலி" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்.

அப்பா கையை ஓங்கினார். அண்ணன் கன்னத்தில் பளாரென்று அறை விழுந்தது. எங்களை ஒருநாளும் தொட்டு அடித்திராத அப்பா! முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆமிக்காரன் நேரே எங்களிடம் வந்தான். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். பிள்ளையை ஏன் அடிக்கிறாய் என்று சிங்களத்தில் அப்பாவை அதட்டினான். படிக்கவே மாட்டேன் என்கிறான் என்று அப்பாவும் சிங்களத்தில் சொன்னார். நன்றாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி அண்ணனின் தலையைத் தடவிவிட்டு அவன் இறங்கிப் போனான். எனக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. அப்பாமீதுதான் பற்றிக்கொண்டு வந்தது. அடித்தது போதாதென்று பொய் வேறு. அண்ணன் வகுப்பிலேயே முதல் பிள்ளை.

வீட்டு வாசலிலேயே அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். கை ஓங்கியது உண்மைதான், ஆனால் அது விளையாடிய கை இல்லை. துப்பாக்கி வைத்திருந்தவன்கூடத் தலையைத்தான் தடவினான். ஆகவே அடுத்த ஞாயிறும் நாங்கள் போகலாம் என்று மூச்சுவிடாமல் வாதாடினேன். அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. பஸ்ஸில் அண்ணன் என்ன சொன்னான் என்பதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

"அந்த ஆமிக்காரனுக்குத் தமிழ் தெரியுமாங்க?"

தெரியாது போலிருக்கிறது என்றார் அப்பா. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, அண்ணனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். அடுத்த ஞாயிறு போகலாமா கூடாதா என்று நான் கேட்டால், இதில் தமிழ் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.