அக்கா வரட்டும் என்று காத்திருந்த கால்

யுத்தத்தின் கடைசி வருடங்கள். மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கத்தில் ஷெல்லடி ஓயாத நேரம். நான் அப்போது வெளிநாட்டில் ஆராய்ச்சி மாணவி. டைட்டேனியத் தூளை லேசரால் உருக்கி, படை படையாக ஏற்றி, எலும்புக்குப் பதில் வைக்கும் துண்டுகளைச் செய்கிற இயந்திரம் ஒன்று. அதற்கு எந்தக் கலப்புலோகம் பொருந்தும் என்று தேடுவதுதான் என் வேலை. தேடுவது என்றுதான் சொல்கிறேன். நயோபியம் என்ற உலோகத்தைக் கூட்டிப் பார்ப்போம், ஒட்சிசனைக் குறைத்துப் பார்ப்போம்; ஆறும்போது துண்டு கோடை வயல் மாதிரி வெடித்துவிடும்.

இதையெல்லாம் அம்மாவுக்குப் போனில் யார் விளக்குவது? "எலும்புக்குப் பொருந்துற உலோகம் செய்யிறம்" என்பேன். அவளுக்கு அது போதும். ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

கரடியனாற்றில் வயல் பார்க்கப் போன தம்பியின் கணுக்காலை ஷெல் துண்டு நொறுக்கிவிட்டது. கேள்விப்பட்டதும் புறப்பட்டேன். விமானம், பிறகு பஸ், வழிநெடுகச் சோதனைச் சாவடி. இறங்கு, ஏறு, பையைத் திற. சீ, என்ன பயணம் அது! மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கத்தினாள்.

"என்ட புள்ள வந்திட்டாள்! இனிக் கால வெட்டத் தேவல்ல!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. டொக்டர்தான் தனியே கூப்பிட்டுச் சொன்னார். காயப்பட்ட அன்றைக்கே முழங்காலுக்குக் கீழே வெட்ட அவர் சம்மதம் கேட்டாராம். அக்கா எலும்பு கொண்டு வருவா, அதுவரைக்கும் தொட வேண்டாம் என்று தம்பி பிடிவாதமாக மறுத்திருக்கிறான். அம்மாவும் அவன் பக்கம். இப்போது அழுகல் மேலே ஏறிவிட்டது. முழங்காலையும் சேர்த்து எடுக்காவிட்டால் ஆளே மிஞ்சமாட்டான். நான் ஏதாவது கொண்டுவந்தேனா என்று டொக்டர் கேட்கவில்லை. அந்த மனிதருக்குத் தெரியும்.

அம்மா மேல் பொல்லாத கோபம் வந்தது. தம்பியின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"அது இன்னும் சரிவரல்லடா. வெடிக்குது. ஒரு மனிசருக்கும் வெச்சதில்ல."



"அப்ப என்னத்துக்கு அக்கா வந்த?" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "வெட்டச் சொல்லு" என்றான்.

ஒப்பரேஷனுக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனபின் அங்கேயே நின்றேன். பக்கத்துக் கட்டிலில் காத்தான்குடிக்காரர் ஒருவர், கை சிதைந்து கிடந்தார். அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்கட தம்பிக்குப் பிந்திப்போச்சாம், மகள். எங்கட அவருக்கு இன்னும் நேரமிருக்கு. ஒருக்காப் பாருங்களன்."

அது இன்னும் முடியாது என்றுதான் அவளிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு நான் அழ, அவள்தான் எனக்குத் தண்ணீர் தந்தாள்.

இன்று அந்த இயந்திரத்தில் செய்த எலும்புகளை மனிதருக்கு வைக்கிறார்கள். நானும் அதே வேலையில்தான் இருக்கிறேன். பாராட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தோசம் வருவதில்லை. யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால், எது இன்னும் முடியாது என்பதைத்தான் முதலில் சொல்கிறேன்; அதைத் தம்பிக்கு ஒரு தடவையாவது போனில் சொல்லியிருந்தால், அவனுக்கு முழங்காலாவது மிஞ்சியிருக்கும்.