மண்ணிற ஜேர்சிக் கழகம்

டென்மார்க்கில் அயர்லாந்துக்காரர் ஓர் உதைபந்தாட்டக் கழகம் வைத்திருந்தார்கள் என்று சொன்னால் இன்று ஒருவரும் நம்புவதில்லை. அதில் மூன்று யாழ்ப்பாணத்தார் விளையாடினோம் என்றால் என் பிள்ளைகளே டேனிஷில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எண்பதுகளின் நடுவில், ஒரு வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிந்துபோன கழகம் அது. ஒரு கிண்ணமும் வென்றதில்லை. ஒரு பத்திரிகையிலும் வந்ததில்லை.

நாங்கள் அப்போது பிரெடெரிசியாவில் ஓர் அகதி முகாமில் இருந்தோம். நான், நெட்டையன், கட்டையன். பெயர் சொல்லி அவர்களை இழுக்க விருப்பமில்லை. முகாமிலும் அப்படித்தான் கூப்பிட்டோம். கிழக்கு பெர்லின் வழியாக மூவரும் ஒன்றாக வந்து, ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சமைத்துத் தின்றோம். அவர்கள் இருவரும் என்னைச் சந்திக்க முன்பே நண்பர்கள். பள்ளிக்கூடத்து அணியில் கட்டையன் இடப்பக்கத்தால் பந்தைக் கொண்டு வருவான், நெட்டையன் தலையால் இடித்துக் கோல் போடுவான். வேலை செய்ய அனுமதி இல்லை, மொழி தெரியாது. நாள் முழுக்க யன்னலால் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் எங்கள் உத்தியோகம்.

ஒருநாள் நாங்கள் சமைத்துக்கொண்டிருந்தபோது முகாமின் குசினிக்குள் ஒரு வெள்ளைக்காரன் வந்து, "இங்கே பந்து உதைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?" என்று கேட்டான். அவன் பேசிய ஆங்கிலம் எங்கள் வாத்தியார் அடித்துப் படிப்பித்த ஆங்கிலமே இல்லை. மூன்று தரம் கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. எரிவாயுக் குழாய் பதிக்க வந்திருந்த அயர்லாந்து வெல்டர்கள் ஒரு கழகம் தொடங்கியிருந்தார்கள். தொழிற்சாலை அணிகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் விளையாட்டு. மூன்று பேர் குறைகிறதாம். வந்தவன்தான் கப்டன்.

முதல் நாளே எனக்குக் கோபம் வந்தது ஜேர்சியைப் பார்த்து. சாணகத்தைக் கரைத்துத் தோய்த்தது போல ஒரு மண்ணிறம். "நீங்கள் அயர்லாந்துக்காரர்தானே, பச்சை கிடைக்கவில்லையா?" என்று கப்டனைக் கேட்டுவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. பச்சை தன் பக்கத்து நிறம், செம்மஞ்சள் மறுபக்கத்து நிறம், இந்த மண்ணிறத்தை மட்டும் எந்தக் கட்சியும் கேட்காது என்றான். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவன் வடக்கு அயர்லாந்துக் கத்தோலிக்கன். பின்வரிசையில் விளையாடிய செம்பட்டைத் தலைக்காரன் அதே ஊர்ப் புரட்டஸ்தாந்தன். அந்த இரண்டு பக்கத்தாரும் ஆளை ஆள் சுட்டுக்கொண்டிருந்த காலம். நான் திகைத்துப்போனேன். இவர்களா எதிரிகள்? செம்பட்டை பின்னாலிருந்து அடிக்கும் பந்து நூல் பிடித்தாற்போலக் கப்டனின் காலுக்குத்தான் போய் விழும். நான் கோல் காப்பவன். பின்னால் நின்று எல்லாம் பார்க்கிறவன். இப்படி ஒரு சிநேகிதத்தை நான் கண்டதில்லை என்று நினைத்தேன்.

சில வாரங்களில் ஊரிலிருந்து செய்தி வந்தது. இலங்கை ஆமி அடித்தது என்றால் அழுதுவிட்டுப் போயிருப்போம். இது வேறு. எங்கள் விடுதலை இயக்கங்களில் ஒன்று இன்னொன்றின் பெடியன்களைத் தேடித் தேடிச் சுட்டுத் தெருச் சந்திகளில் எரித்ததாம். சுட்டவனும் தமிழன், எரிந்தவனும் தமிழன். முகாமில் ஒரே இரவில் சாப்பாட்டு மேசைகள் பிரிந்துபோயின. நெட்டையன் சுட்ட இயக்கத்தின் ஆதரவாளன், அதை அவன் என்றுமே மறைத்ததில்லை. கட்டையன் எந்தப் பக்கம் என்று எங்களுக்குத் தெரியாது. அவன் வெங்காயம் வெட்டினான், சோறு வடித்தான்.

அடுத்த ஞாயிறு ஓர் இறைச்சித் தொழிற்சாலை அணியோடு போட்டி. இரண்டு அணிக்கும் ஒவ்வொரு கோல், முடிய இன்னும் சில நிமிடம்தான். கட்டையன் இடப்பக்கத்தால் மூன்று பேரை வெட்டிக்கொண்டு போனான். கோலுக்கு முன்னால் நெட்டையன் தனியே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். எதிரணிக் காப்பாளன் விழுந்து கிடக்கிறான். தட்டிவிட்டால் போதும். கட்டையன் நின்றான். நெட்டையனை நிமிர்ந்து பார்த்தான். பிறகு திரும்பி, பந்தை முழுப் பலத்தோடு மைதானத்துக்கு வெளியே அடித்தான். அது வேலிக்கு மேலால் போய்ச் சைக்கிள் பாதையில் விழுந்தது.

டேனிஷ்காரர் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு விசர் வந்தது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தூஷணத்தால் கத்தினேன். ஆனால் எங்கள் அணியில் ஒருவரும் கத்தவில்லை. செம்பட்டையும் கப்டனும் முன்பே கண்ட ஒன்றைத் திரும்பக் கண்டவர்கள் போல ஆளை ஆள் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

போட்டி முடிந்து உடை மாற்றும் அறைக்குள் வந்ததும் கப்டன் கதவைச் சாத்தினான். கட்டையனுக்கு முன்னால் குந்தியிருந்து என்னிடம் சொன்னான், "செத்தது யார் என்று இவனைக் கேள்."

ஊரில் செத்த கதையை யார் இவனுக்குச் சொன்னது?

"இவன்ரை ஆக்கள் ஒருத்தரும் சாகேல்லை," என்று நெட்டையன் முந்திக்கொண்டு சொன்னான். "இவனுக்கு மண்டை கழண்டுபோச்சு."

கட்டையன் பூட்சின் நாடாவை அவிழ்த்தபடி சொன்னான், "என்ரை தம்பி."

"எப்படா?" என்றான் நெட்டையன். "ஏன்டா எனக்குச் சொல்லேல்லை?"

"போன கிழமை ஃபோன் வந்தது. சொல்லத்தான் ஓடி வந்தனான். நீ குசினியிலை நிண்டு பெடியளுக்குக் கதைச்சுக்கொண்டு நிண்டாய். நல்ல வேலை செய்தவங்கள், துரோகியளைத் துடைச்சுப்போட்டாங்கள் எண்டு. நான் அப்பிடியே வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினன்."

அந்தத் தம்பியை நெட்டையனுக்குத் தெரியும். சைக்கிள் பாரில் ஏற்றிப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன். "டேய், அவன் அந்த இயக்கத்திலை இருந்தவன் எண்டு எனக்குத் தெரியாதடா. சத்தியமாத் தெரியாதடா," என்று திருப்பித் திருப்பிச் சொன்னான். கட்டையன் மற்றப் பூட்சைக் கழற்றினான். நான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் செய்த மிகக் கேவலமான உத்தியோகம் அந்த மொழிபெயர்ப்புத்தான்.

அப்போது, அதிகம் பேசாத செம்பட்டை வாயைத் திறந்தான். "என் அண்ணனையும் சுட்டார்கள். இவன் இல்லை. ஆனால் இவனுடைய பக்கத்து ஆட்கள்," என்று கப்டனைக் காட்டினான். கப்டன் நிலத்தைப் பார்த்தான்.

கட்டையன் முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினான். "பிறகு எப்பிடி இந்தாளை மன்னிச்சவர் எண்டு கேள்."

கேட்டேன். செம்பட்டை, நான் ஏதோ பைத்தியக்காரக் கேள்வி கேட்டதுபோலப் பார்த்தான்.

"மன்னிக்கிறதா? நான் இவனோடு ஒரு கோப்பை தேநீர்கூடக் குடித்ததில்லை. குடிக்கவும் மாட்டேன். பந்து கொடுப்பேன். பந்து மட்டும்தான்."

இதையும் மொழிபெயர்த்தேன். இத்தனை நாளும் நான் சிநேகிதம் என்று பார்த்து மெய்மறந்தது இதைத்தானா? கப்டன் மறுக்கவில்லை. அவனுக்கு இது புதிய செய்தி இல்லை.

அடுத்த நாள் கட்டையன் வேறு அறைக்கு மாறினான். தனக்கென்று ஒரு சிறிய சட்டி வாங்கி, நாங்கள் சமைத்து முடித்த பிறகு வந்து சமைத்தான். நெட்டையன் இரண்டு தரம் அவன் அறைக் கதவைத் தட்டினான், திறக்கவில்லை. பிறகு தட்டுவதை விட்டுவிட்டு, அந்தக் கதவைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போனான். கட்டையன் இனி மைதானப் பக்கம் வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மண்ணிற ஜேர்சியோடு எனக்கு முன்பே வந்து நின்றான். இடப்பக்கத்தால் போய், அளந்து வைத்தாற்போல நெட்டையனின் தலைக்குப் பந்தைத் தூக்கிக் கொடுத்தான். கோல். நெட்டையன் கைகளை விரித்துக்கொண்டு இரண்டடி ஓடினான். கட்டையன் ஏற்கெனவே திரும்பித் தன் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தான்.

கோடை முழுக்க அப்படித்தான். பந்து வரும், கோல் விழும், ஒரு சொல் இராது. நெட்டையனோ ஞாயிறுக்காகவே உயிரோடு இருப்பவன் போல ஆனான்.

இலைகள் பழுக்கத் தொடங்கியபோது குழாய் வேலை முடிந்தது. கடைசிப் போட்டிக்குப் பிறகு கப்டன், அடுத்த வாரம் எல்லோரும் வேறு நாட்டுக்கு வேலைக்குப் போகிறோம், கழகம் இன்றோடு சரி என்று அறிவித்தான். ஒரு கூட்டம் இல்லை, பேச்சு இல்லை. அயர்லாந்துக்காரர் தோளைக் குலுக்கிவிட்டு ஜேர்சிகளைக் கழற்றி ஒரு சாக்கில் போட்டார்கள். ஒரு கழகத்தை இவ்வளவு லேசாக மூடலாம் என்று நான் அன்றுதான் கண்டேன்.

"ஏலாது!" என்று கத்தினான் கட்டையன். மாதக்கணக்காக வாய் திறவாதவன் கத்தியதில் எல்லோரும் திடுக்கிட்டோம். என் கையைப் பிடித்து உலுக்கினான். "இன்னும் ஒரு மட்ச் வைக்கச் சொல்லடா. எதிர்ப்பக்கம் ஆள் இல்லாட்டியும் பரவாயில்லை. எங்களுக்குள்ளை விளையாடுவம். கேளடா!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உனக்கென்ன விசரே? அவன்ரை முகத்தையே பாக்கமாட்டாய், உனக்கேன் மட்ச்?"

கட்டையன் அழுதுகொண்டிருந்தான். தம்பிக்குக்கூட அவன் அழுது நான் பார்த்ததில்லை.

"இதுவும் இல்லாட்டி நான் அவனுக்கு என்னத்தைக் குடுக்கிறது?" என்றான்.

நெட்டையன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இவன் என்ன சொல்கிறான் என்று கப்டன் என்னிடம் கேட்டான். அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.