எத்தனை அண்ணன்மார்

அண்ணா உயிரோடு இருக்கிறார் என்பதில் எங்கள் வீட்டில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. போரின் கடைசி மாதங்களில், உடையார்கட்டிலிருந்து சனம் கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தபோது எங்களைத் தவறவிட்டவர், எங்கோ ஓர் ஊரில், கடிதம் எழுத முடியாத நிலையில் இருக்கிறார் என்று அப்பா நம்பினார். அம்மாவுக்கோ அது நம்பிக்கைகூட அல்ல, தெரிந்த உண்மை என்றே நான் எண்ணியிருந்தேன். கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் ஊரான ஜெயபுரத்துக்குத் திரும்பி வந்த பின், எந்தப் படிவம் வந்தாலும் பிள்ளைகள் இருவர் என்றே அப்பா நிரப்புவார். அதனால் எனக்கு எத்தனை அண்ணன்மார் என்று யார் கேட்டாலும், பிறந்த மாதத்தைச் சொல்வதுபோல் ஒருவர் என்று தயங்காமல் சொல்லப் பழகியிருந்தேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு என் தொழிலில் நான் விட்ட ஒரு பிழைக்கு இந்தப் பழக்கமே காரணமாயிற்று.

பாடசாலைகளில் நடத்தப்படும் போதைப்பொருள் தடுப்பு வகுப்புகள் மாணவரிடம் ஏதேனும் மாற்றத்தை உண்டாக்குகின்றனவா என்று மதிப்பிடுவது என் வேலை. அந்த ஆண்டு முல்லைத்தீவுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் தரம் எட்டு வகுப்பு எனக்குத் தரப்பட்டது. கிழமைக்கு ஒரு பாடவேளை, மொத்தம் பன்னிரண்டு கிழமைகள், ஏறக்குறைய மூன்று மாதம். வகுப்பை நடத்தியவர் வழிகாட்டல் ஆசிரியை. என்னிலும் பத்து வயது இளையவர். அந்தப் பாடவேளையைக் கணிதத்துக்கு எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அதிகாரியை அழைத்து உரையாற்றச் செய்தால் போதும் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு கருத்து இருந்தது. என் அறிக்கையைப் பார்த்தே முடிவெடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

“பிள்ளையள் இப்பதான் வாய் திறந்து கதைக்கத் தொடங்கியிருக்குதுகள் மிஸ். அதுக்குள்ள நிப்பாட்டினா இனி என்னை நம்பாதுகள்,” என்றார் ஆசிரியை முதல் நாளிலேயே.

நான் பின்வரிசையில் ஒரு கதிரையில் அமர்ந்து அவரது வகுப்பைப் பார்த்தேன். மறுப்பதற்கான பயிற்சி நடந்தது. ஒரு மாணவி வெண்கட்டித் துண்டைத் தாளில் சுற்றி, புகையிலையும் பாக்கும் கலந்த மாவாப் பொட்டலம் போல நீட்டினாள்.

“இந்தாடி, ஒருக்கா வாயில போட்டுப் பார். பாடமெல்லாம் தானா மண்டைக்குள்ள ஏறும்.”

“அப்ப உனக்கேன் கணக்கில பதினெட்டு?” என்றாள் மற்றவள்.

வகுப்பு முழுவதும் மேசையில் தட்டிச் சிரித்தது. ஆசிரியையும் சிரித்தார். “நான் எழுதிக்கொண்டு வந்த பதிலைவிட இது நல்லாயிருக்கு. எல்லாரும் கொப்பியில எழுதுங்கோ. பதினெட்டை மட்டும் விட்டுட்டு எழுதுங்கோ,” என்றார்.

நான் சிரித்தபடியே அண்ணாவை நினைத்தேன். நெல் மூட்டைகள் அடுக்கிய கொட்டிலின் பின்னால் அவர் பீடி புகைத்ததை ஒருமுறை கண்டிருக்கிறேன். “அம்மாட்டச் சொன்னியெண்டா இனிச் சைக்கிள்ல ஏத்தமாட்டன்,” என்றார். நான் சொல்லவில்லை. இன்று நாற்பதைக் கடந்து, தலை நரைத்து, இருமிக்கொண்டு, நான் திட்டத் திட்டச் சிரிக்கிற ஒரு புகைகாரராகவாவது அவர் எங்களோடு இருந்திருக்கலாம் என்று, இந்தத் தொழிலில் இருப்பவள் நினைக்கக்கூடாததை அந்தப் பின்வரிசையில் இருந்து நினைத்தேன்.

மாணவர் உண்மையை எழுதவேண்டுமானால் வினாக்கொத்தில் பெயர் இருக்கக்கூடாது. ஆனால் வகுப்பு தொடங்குமுன் எழுதிய தாளையும் முடிந்தபின் எழுதிய தாளையும் ஒரே பிள்ளையுடையவை என்று இணைத்தால்தான் மாற்றத்தைக் காணமுடியும். அதற்காக ஒவ்வொருவரும் தாளின் மேல்மூலையில் ஒரு குறியீட்டை எழுதச் செய்தேன். தாயின் பெயரின் முதலெழுத்து, தன் பெயரின் கடைசி எழுத்து, பிறந்த மாதம், எத்தனை அண்ணன்மார். மூத்தவர்களின் எண்ணிக்கை மாறாது அல்லவா? பின்னால் தம்பி பிறக்கலாம், அண்ணன் பிறக்கமுடியாது. நான்கில் மிக உறுதியான கேள்வி அதுவே என்று எண்ணியிருந்தேன்.

இரண்டாம் தடவை எழுதிய தாள்களோடு ஜெயபுரம் வந்து, ஒரு பிற்பகல் விறாந்தையில் பாய் விரித்து இரு கட்டுகளையும் பரப்பினேன். அப்பா இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருக்கவில்லை. சும்மா இருக்கமாட்டாத அம்மா குறியீடுகளை வாசித்துத் தருவதாகச் சொன்னார். விடைகள் தெரியாதபடி தாள்களை மடித்து, மேல்மூலையை மட்டும் அவரிடம் காட்டினேன். கணிசமான தாள்களுக்குச் சோடி கிடைக்கவில்லை. சோடியற்றவற்றை ஒதுக்கிவிட்டு மிகுதியை மட்டும் பார்த்தபோது, வகுப்பு எந்த வேறுபாட்டையும் உண்டாக்கியதாகத் தெரியவில்லை. அப்படியே எழுதினால் அந்தப் பாடவேளை போய்விடும்.

“பிள்ளை, இதில முதல் ஒண்டு எண்டு கிடக்கு, இப்ப பூச்சியம். மற்றதெல்லாம் அதேதான்,” என்றார் அம்மா.

“அது வேற பிள்ளையா இருக்கும் அம்மா. அங்கால வையுங்கோ.”

“ஓம், வேற பிள்ளைதான். தாயின்ர எழுத்தும் அதே, மாசமும் அதே, கையெழுத்தின்ர கோணலும் அதே. ரெட்டைப் பிள்ளையளாக்கும்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் இன்னும் இரண்டு தாள்களை எடுத்து என் முன் வைத்தார். “இந்தா, இதில முதல் பூச்சியம், இப்ப ரெண்டு. பன்ரெண்டு கிழமைக்குள்ள ரெண்டு அண்ணன் பிறந்திட்டினம்.”

சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“இது பிள்ளையளின்ர பிழை இல்லை. நீ கேட்டதுதான் பிழை.”

“எத்தனை அண்ணன்மார் எண்டுதானே கேட்டனான்? அதில என்ன பிழை?”

“எந்த அண்ணனைச் சேர்க்கச் சொன்னனீ? செத்தவனைச் சேர்க்கிறதோ, இல்லாமப் போனவனைச் சேர்க்கிறதோ? ஒரு நாளைக்குச் சேர்க்க மனம் வரும். ஒரு நாளைக்கு வராது.”

“எங்கட வீட்டில அப்பிடி இல்லையே அம்மா. நாங்கள் எப்பவும் மாறாமத்தானே சொல்லுறம்.”

“நீ சொல்லுவாய். உன்ர அப்பா சொன்னவர். கிளினிக்கில கேட்டா எனக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை எண்டுதான் நான் சொல்லுறனான்.”

எவ்வளவு காலமாக என்று கேட்டேன்.

“கனகாலம். ரெண்டு எண்டு சொன்னா மற்றவர் எங்கை எண்டு கேப்பினம். வரிசையில நிண்டுகொண்டு அதைச் சொல்லேலாது பிள்ளை. கோயில்ல அருச்சனைக்கு ரெண்டு பேரின்ர பேரும் நட்சத்திரமும்தான் சொல்லுறனான்.” பிறகு, என்னைத் தேற்றுவதுபோல், “ரெண்டும் பொய்யில்லை,” என்றார்.

எழுந்து குசினிக்குப் போய் நீர் குடித்தேன். எங்கள் வீட்டில் ஒருபோதும் அசையாதது என்று நான் எண்ணியிருந்த எண், நானறியாமல், வரிசைகளில் ஒன்றாகவும் சந்நிதியில் இரண்டாகவும் எத்தனையோ ஆண்டுகள் மாறிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா அதைத் தனியே சுமந்திருக்கிறார். திரும்பி வந்தபோது, சோடியற்ற தாள்களை அண்ணன்மாரை விட்டு மற்ற மூன்றையும் கொண்டு அவர் அடுக்கத் தொடங்கியிருந்தார். ஏறக்குறைய எல்லாம் இணைந்தன.

மறுநாள் ஆசிரியைக்கு அழைப்பெடுத்து நடந்ததைச் சொன்னேன்.

“போரில இழந்த வீடுகள் மட்டும் இல்லை மிஸ். தமையன் ஐஸ் போதை பாவிச்சுப் பிடிபட்டு, புனர்வாழ்வுக்குக் கொண்டுபோன வீடுகளும் இருக்கு. அந்த வீட்டுப் பிள்ளையளும் தமையனை எண்ணாதுகள். அப்ப அந்தத் தாள்களை எறிஞ்சுபோடுவியளோ?”

“எறிஞ்சா, ஒரு குறையும் இல்லாத வீட்டுப் பிள்ளையளை மட்டும்தான் நான் அளந்ததா இருக்கும், ரீச்சர்.”

“அதுகளுக்கு என்ர வகுப்பே தேவையில்லை,” என்றார்.

அறிக்கையை மீண்டும் எழுதினேன். என் கேள்வி ஏன் பிழைத்தது, தாள்களை எந்த முறையில் மறுபடி இணைத்தேன் என்பவற்றை மறைக்காமல் முதற்பக்கத்திலேயே சொன்னேன். முடிவு பெரிதல்ல. ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் வகுப்பினால் விட்டுவிடவில்லை. ஆனால், சிநேகிதர் நீட்டினால் வாங்குவேன் என்று முதலில் எழுதியவர்களிற் பலர் இரண்டாம் முறை மாட்டேன் என்று எழுதியிருந்தார்கள். அவர்களுட் பெரும்பாலோரின் தாள்கள் நான் ஒதுக்கி வைத்த கட்டில் இருந்தவை.

வலய அலுவலகத்தில் பொறுப்பான அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். “வேலை செய்யுதோ, செய்யேல்லையோ? ஒரு சொல்லில சொல்லுங்கோ.”

“ஒரு சொல்லில சொல்லேலாது ஐயா. தொடங்காத பிள்ளையளுக்கு உதவுது. தொடங்கின பிள்ளையளுக்கு வேற உதவி வேணும்.”

“உங்களை மாதிரிப் படிச்ச ஆக்களைக் கூப்பிட்டா இதுதான் கரைச்சல்,” என்றவர், முதற்பக்கத்துக்குத் திரும்பி அதை இரண்டாம் முறை வாசித்தார். அவரும் கிளிநொச்சிக்காரர். அடுத்த ஆண்டும் அந்தப் பாடவேளை தரம் எட்டுக்கு இருக்கட்டும் என்று குறிப்பெழுதினார்.

செய்தியைக் கேட்டு ஆசிரியை தொலைபேசியில் அழுதார். தை மாதத்தில் அவருக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்தவர் அவருடைய குறிப்புக் கொப்பியை வைத்து வகுப்பை நடத்துகிறார். நான் இப்போது அண்ணன்மாரைப் பற்றி எந்தப் பிள்ளையிடமும் கேட்பதில்லை. குறியீட்டில் அதற்குப் பதிலாக, எந்தக் கையால் எழுதுகிறீர் என்று கேட்கிறேன்.

என்னிடம் யாராவது கேட்டால் இன்னமும் ஒருவர் என்றுதான் சொல்கிறேன், முன்போல் உடனடியாக அல்ல. அம்மாவின் கிளினிக் நாட்களில் நானும் கூடப் போகிறேன். தாதி பிள்ளைகளைப் பற்றிக் கேட்கும்போது, அம்மா தான் விரும்பியதைச் சொல்லட்டும் என்று சற்று விலகி நிற்பேன். ஜெயபுரத்து வீட்டில் இப்போது அம்மா இருக்கிறார். நான் இருக்கிறேன்.