அதிபர் கொடுத்த கெடு

அந்த அதிபரின் முகம் டிவியில் வந்தால் இன்றைக்கும் சேனலை மாற்றிவிடுவேன். எனக்கு அரசியல் எதுவும் கிடையாது. என் அப்பா மூன்று நாள் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். அதற்கு அந்த ஆள் ஒரு காரணம். அவரை நம்பிய நாங்கள் இன்னொரு காரணம்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வைகாசி மாதத்தில் ஒருநாள் காலையில், காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா போய்விட்டார். என் தம்பி வளைகுடாவில் ஏசி மெக்கானிக். தகவல் சொன்ன ஒரு மணி நேரத்தில் டிக்கெட் போட்டு அங்கே விமான நிலையத்துக்குப் போய்விட்டான். பாழாய்ப்போன அதே நாளில்தான் அந்த அதிபருக்கும் வளைகுடாவுக்குப் பக்கத்திலேயே அணு உலை வைத்திருந்த ஒரு நாட்டுக்கும் சண்டை முற்றியது. இருபத்துநான்கு மணி நேரம் கெடு, பணியாவிட்டால் குண்டு போடுவேன் என்று அவர் அறிவித்தார். வளைகுடா வானத்தையே மூடிவிட்டார்கள்.

தம்பி போனில் அழுதான். "அக்கா, போர்டுல எல்லாமே கேன்சல்னு காட்டுது. அப்பாவ எடுத்துடாதீங்கக்கா. எப்படியாவது வந்துடுறேன்."

"எடுக்க மாட்டோம்டா. நீ வா" என்றேன். சுற்றிப் பத்துப் பேர் கேட்கத்தான் சொன்னேன்.

வாசலில் சாமியானா போட்டு, பங்காளிகள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். கொள்ளி வைக்க மகன் வேண்டும், ஆனால் எத்தனை நாள் வைத்திருப்பது என்று பேச்சு. சித்தப்பா, அப்பாவின் தம்பி, பணி ஓய்வுபெற்ற ஆசிரியர். நாள் முழுக்கச் செய்தி சேனல்தான். அவர்தான் தீர்ப்புச் சொன்னார்.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள தெரிஞ்சிடும். உலகமே கேக்கச் சொன்ன மனுஷன், பேச்சு மாறுவாரா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் பக்கம் வாய்க்கால் தகராறு என்றால் மதகடியில் கூடுவார்கள். இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று ஒருத்தர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டால் அதோடு சரி. எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை. மாறிப் பேசினவனை அடுத்த தடவை பேசவே விட மாட்டார்கள். அந்த அளவுகோலைத்தான் தூக்கிக்கொண்டுபோய் அந்த அதிபர் மேல் வைத்தோம். குண்டு போட்டால் மட்டும் விமானம் எப்படிப் பறக்கும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. படித்த கழுதை நான், எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் பத்து மணி ஆனது. அதிபர் டிவியில் வந்தார். வேறு டை கட்டிக்கொண்டு, சிரித்த முகமாக. கெடுவை இரண்டு நாள் தள்ளிவைத்திருப்பதாகவும் தனக்கு ஒன்றும் அவசரமில்லை என்றும் சொன்னார்.

அவருக்கு என்ன அவசரம்? அவர் கூடத்திலா பெட்டி இருந்தது?

"அது ராஜதந்திரம்மா. எதிராளியக் குழப்புறாரு" என்றார் சித்தப்பா. வாசலில் இரண்டு பேர் 'கெத்துதான்' என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு தம்பிக்காகப் பொறுத்தேன்.

குறுவைக்கு நாற்று விட்டிருந்த நேரம் அது. பகலில் மும்முனை கரன்ட் வந்ததும் ஊரில் எல்லா மோட்டாரும் ஓடும். வோல்டேஜ் இறங்கிவிடும், குளிர்பெட்டி நின்றுவிடும். முதல் நாள் எங்களுக்காகத் தெருவே மோட்டாரை நிறுத்திவைத்தது. இரண்டாம் நாள் மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"நாத்தங்கால் காஞ்சு வெடிச்சுப்போச்சும்மா. ரெண்டு மணி நேரம் ஓட்டிக்கிறோம், தப்பா நெனச்சுக்காதீங்க."

"ஓட்டுங்க" என்றேன். வேறென்ன சொல்வது? அவர் பிழைப்பு அது. மோட்டார்கள் ஓடின, பெட்டியின் சத்தம் நின்றது. ஐஸ் கட்டி வாங்கிவந்து சுற்றி அடுக்கினோம். சாயங்காலம் ஊதுபத்தியைக் கட்டுக்கட்டாகக் கொளுத்தியும் பயனில்லை.

மூன்றாம் நாள் காலையில் குளிர்பெட்டியை வாடகைக்கு விட்டவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முகத்த மூடிடுங்கம்மா. இனிமே யாரும் பாக்க வேணாம்" என்றார். நானே ஒரு துண்டை எடுத்துப் போட்டு மூடினேன். வெளியே வந்து, இன்றைக்கு எடுத்துவிடலாம் என்றேன்.

சித்தப்பா தயங்கினார். "சாயங்காலம் முக்கியமா ஏதோ பேசப்போறாராம். இன்னும் ஒரு நாள்..."

"அவர் வீட்டுல பொணத்த வச்சுக்கிட்டு அவரு பேசட்டும் சித்தப்பா."

அப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதும் இல்லை. சித்தப்பாதான் கொள்ளி வைத்தார். எடுப்பதற்கு முன் தம்பி வீடியோவில் வந்தான். மொட்டை அடித்திருந்தான். விமான நிலையத்திலிருந்து அறைக்குத் திரும்பி அவனே அடித்துக்கொண்டதாம். "முகத்தக் காட்டுக்கா" என்றான். சிக்னல் இல்லை என்று சொல்லி போனை அணைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் சமாதானம் ஆகிவிட்டது. உலகத்தையே காப்பாற்றிய தலைவர் என்று எல்லா சேனலிலும் அவர் படம். "என்ன இருந்தாலும் போர் வராம தடுத்துட்டாரும்மா" என்றார் சித்தப்பா. போர் வராததில் எனக்கும் சந்தோஷம்தான். அங்கேயும் அப்பாக்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் வைக்கோல் போரடியில் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டிவிட்டு, தானே ஊதி அணைத்தவனுக்கு மாலை போடுகிறார்களே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

வானம் திறந்து தம்பி வந்து சேர்ந்தான். பெட்டி இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தான். பிறகு, அன்றைக்கு ஏன் முகத்தைக் காட்டவில்லை என்று கேட்டான். பொய் சொல்ல வரவில்லை. மூடியிருந்தது என்றேன்.

"நான் எடுக்காதீங்கன்னு சொன்னதாலயாக்கா?"

"இல்லடா" என்றேன். அவன் நம்பவில்லை.