தலைவர் மேயரானபோது

என் கணவருக்கு இரண்டு பேர் மேல்தான் அசையாத நம்பிக்கை. ஒருவர் முருகன். மற்றவர் கனடாவில் ஒரு மாகாணக் கட்சியின் தலைவராக இருந்தவர். முருகனோடு அவர் அவ்வப்போது கோபித்துக்கொள்வார். தலைவரோடு ஒருநாளும் கோபித்ததில்லை.

உலகத்தின் தென்கோடியில் இருக்கும் இந்த ஓக்லாந்துக்கு வருவதற்கு முன் நாங்கள் பல வருடங்கள் கனடாவில் இருந்தோம். அங்கே அவர் பகலில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்தார். மாலைகளிலும் சனி ஞாயிறிலும் தலைவருக்கு வேலை செய்தார். இரண்டாவதற்குச் சம்பளம் கிடையாது. தலைவர் முன்பு பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பித்தவர். உயரமான, சிரித்த முகமுள்ள வெள்ளைக்காரர். மாகாண சட்டசபைக்கு முதன்முதலாக நின்றபோது, தமிழர் வீடுகளின் கதவைத் தட்டுவதற்கு அவருக்கு ஒரு தமிழர் தேவைப்பட்டார். என் கணவர் அகப்பட்டார். எந்தக் கோயிலில் எப்போது தேர், எந்தச் சங்கத்துக்கு எந்தச் சங்கத்தோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் வீட்டில் தேநீர் குடித்தால் யாருக்கு முகம் கறுக்கும் என்பதையெல்லாம் இவர்தான் சொல்லிக்கொடுத்தார். தலைவர் சொல்லும் ‘வணக்கம்’ பாதியிலேயே கரைந்துவிடும். அதையும் இவர் காரில் வைத்துத் திருத்தினார்.

சட்டசபை உறுப்பினராக இருந்தவர் சில வருடங்களில் கட்சித் தலைவரானார். அடுத்த தேர்தலில் அவர்தான் முதலமைச்சர் என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. மாகாணத்தில் மற்றவர்கள் அப்படி முடிவு செய்யவில்லை. கட்சி மண் கவ்வியது; தலைவர் தன் சொந்தத் தொகுதியிலேயே தோற்று, அன்றைக்கே பதவி விலகினார். எங்கள் வீட்டில் இரண்டு நாள் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் மட்டும் சாப்பிட்டேன்.

அந்த வருடம் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு அவரைத்தான் பிரதம விருந்தினராக அழைத்திருந்தார்கள். அழைப்பிதழ் படத்தோடு அச்சாகி வந்துவிட்டது. தோற்றுப்போன மனிதரை மேடையில் எங்கே இருத்துவது என்று சங்கத்தின் நிர்வாகக் குழுவில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. பனிப்புயல் வரப்போகிறது, விழாவைத் தள்ளிவைத்துவிட்டோம் என்று அவரிடம் சொல்லிவிடலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். கடைசியில் அவர் படத்தின் மேல் ஒரு பல் வைத்தியரின் படத்தை ஒட்டினார்கள். அப்போது சங்கச் செயலாளராக இருந்த என் கணவர் யாரிடமும் கேட்காமல் தலைவரைத் தன் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் வரிசையில் இடம் கிடைத்தது. மேடையில் பல் வைத்தியருக்குப் பொன்னாடை, நடன ஆசிரியைக்குப் பொன்னாடை, ஒலிபெருக்கி கொடுத்தவருக்கும் பொன்னாடை. தலைவருக்கு இல்லை.

விழா முடிந்து வெளியே வந்ததும் என் கணவர் தான் வாங்கி வைத்திருந்த பொன்னாடையை எடுத்து, கார் தரிப்பிடத்தில், பனிக்குள் நின்றபடி, தலைவருக்குப் போர்த்திவிட்டார். படம் எடுத்தது நான். விரல்கள் விறைத்துப்போயின. தலைவரின் கண் கலங்கியதையும் நான் பார்த்தேன், பொய்யில்லை. இதை நான் மறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். காணி உறுதியே எழுதிக் கையில் தந்ததுபோல இவர் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் செயலாளர் பதவியைத் தூக்கி எறிந்தார்.

பிறகு எனக்கு ஓக்லாந்தில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை கிடைத்தது. முதலில் ஏவன்டேலில் வாடகைக்கு இருந்தோம். அப்புறம் மாசி என்ற புறநகரில் மோர்ட்கேஜ் எடுத்து வீடு வாங்கினோம். இவர் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டகசாலையில் சாமான் அடுக்குபவராகச் சேர்ந்து, லொறிகளை அனுப்பும் பகுதிக்கு மேற்பார்வையாளரானார். நகரத்தின் ஒரு முனையில் வீடு, மறுமுனையில் வேலை. அதைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கீரை வாங்கும்போது யாராவது பேச்சுக்கொடுத்தால், நாங்கள் தற்காலிகமாகத்தான் வந்திருக்கிறோம் என்பார். வீடு வாங்கிய பிறகும் அப்படித்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தலைவர் ஒரு நகரத்தின் மேயர் பதவிக்கு நிற்கிறார் என்று செய்தி வந்தபோது, எனக்கு அந்த மனிதரை முதன்முறையாகப் பிடித்தது. ஒரு மாகாணத்தையே கேட்டு, இல்லை என்று சொல்லப்பட்டவர், இப்போது பனி அள்ளுவதற்கும் குப்பை எடுப்பதற்கும் நூலகத்தைத் திறந்து வைப்பதற்கும் என்னை விடுங்கள் என்று கேட்கிறார். இறங்கி வருவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். என் கணவர் அதை இறக்கமாகப் பார்க்கவில்லை. முதலமைச்சர் நாற்காலிக்குப் போகிற புது வழி அது என்றார்.

வாழ்த்துச் செய்தி அனுப்பினார். ஒரு காலை, நான் மகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது, தலைவரே அழைத்தார். இவர் நாங்களும் கேட்கவேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். உன்னைப் போன்றவர்கள்தான் எனக்கு வேண்டும், நான் வென்றால் உனக்கு இங்கே எப்போதும் ஓர் இடம் இருக்கிறது என்றார் தலைவர். தெருவில் தெரிந்தவரைக் கண்டால், ஒருநாள் வீட்டுப் பக்கம் வாங்கோவன் என்று நாங்களும்தான் சொல்கிறோம். அதற்காக யாரும் உலை வைப்பதில்லை. இவர் வைத்துவிட்டார். அடுத்த கிழமையே பண்டகசாலையில் விலகல் அறிவித்தலைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார்.

“என்ன வேலை, எப்ப தொடக்கம் எண்டு அவர் சொன்னவரே?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் வாய்விட்டுக் கேக்கிறதே? மனிசன் சொல்லிட்டார்.”

அன்று நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் போகலாம், நான் வரமாட்டேன், மகளும் வரமாட்டாள் என்று மட்டும் சொன்னேன். முதலில் தான் போய் நிலைப்பட்டுவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். அதாவது குடும்பம் இரண்டாகப் போகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. மகளிடம் யார் சொல்வது என்பதுதான் மிச்சமிருந்தது.

தேர்தல் வரைக்கும் இங்கிருந்தபடியே அந்த நகரத்துத் தமிழர்களுக்கு ஒவ்வொருவராக அழைத்து வாக்குக் கேட்டார். தலைவர் வென்றார். இவர் பதவியேற்புக்கு விமானம் ஏறினார். விமான நிலையத்தில் மகளைக் கட்டிப்பிடித்து, கோடை விடுமுறையில் கனடாவைப் பார்க்கலாம் என்றார். அங்கே அப்போது குளிர்காலமாக இருக்கும் என்றாள் அவள், ஆங்கிலத்தில்.

பதவியேற்பு எங்களுக்கு மதியப்பொழுதில் வந்தது. மடிக்கணினியில் நானும் மகளும் பார்த்தோம். மேயர் கூட்டத்துக்குள் கைகொடுத்தபடி வந்தார். ஓரத்து இருக்கையில் இருந்த என் கணவரைக் கண்டதும் முகம் மலர்ந்து, இழுத்துக் கட்டிப்பிடித்தார். அது நடிப்பில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு தன் நீளமான கறுப்புக் கோட்டைக் கழற்றி, சுற்றுமுற்றும் பார்த்து, அதை என் கணவரின் கைகளில் வைத்துவிட்டு, தோளில் ஒரு தட்டுத் தட்டி மேடைக்குப் போனார்.

சத்தியப்பிரமாணம் நடந்தது. பதவிச் சங்கிலியை அணிவித்தார்கள். ஒவ்வொருவராகப் பேசினார்கள். கமெரா திரும்பும்போதெல்லாம் என் கணவர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இருக்கையில் வேறு யாரோ இருந்தார்கள். கோட்டைக் கசங்காமல் இரண்டு கைகளிலும் ஏந்தியிருந்தார். முகத்தில் சிரிப்புக் குறையவேயில்லை.

அப்பா ஏன் அந்த ஆளின் கோட்டை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்று மகள் கேட்டாள். அவர் பிடிக்கச் சொன்னார் என்றேன். எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய் உடுப்புக் காயப்போட்டேன்.

இரண்டு கிழமையில் திரும்பி வந்துவிட்டார். வேலைகள் வரும்போது இணையத்தில் போடுவோம், விண்ணப்பிக்கலாம் என்று மேயரின் அலுவலகத்தில் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள். மேயரும் நேரம் ஒதுக்கிக் கோப்பி வாங்கிக் கொடுத்து, எங்களைப் பற்றியெல்லாம் விசாரித்து, எப்போது ஊருக்குத் திரும்புகிறாய் என்று கேட்டிருக்கிறார். இதில் அவரை நான் என்ன குறை சொல்ல? நல்ல மேயர் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

அதற்குள் நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. அவர் குளித்துவிட்டு மேசையில் வந்து இருந்தபோது ஒவ்வொன்றாக எடுப்போம் என்று நினைத்திருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“கோட்டைத் தந்தவுடன எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது, தெரியுமே உமக்கு? இவ்வளவு பேருக்குள்ள என்னட்டத்தானே தந்தவர் எண்டு. வரேக்க பிளேனுக்குள்ளதான் யோசிச்சன். வெக்கமாக் கிடக்கு.”

தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“திரும்பக் கூப்பிட்டாலும் போயிடுவன் போலத்தான் கிடக்கு. அவர் எடுத்தா, போனை நீர் எடும். என்னட்டத் தராதையும்.”

சரி, நான் எடுக்கிறேன் என்றேன். பழைய இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். இவர் அதே தெருவில் இன்னொரு பண்டகசாலையில் மறுபடியும் சாமான் அடுக்கச் சேர்ந்தார். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அவருடைய போன் என் பக்கத்தில்தான் இருக்கிறது. தலைவர் இதுவரை அழைக்கவில்லை.