கடைசிப் பாத்தி

எங்கள் ஏரியில் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை. மேகம் வரும், கம்பெனிப் புகையோடு கொஞ்சம் பேசும், ஆந்திரா பக்கமே திரும்பிப் போகும். அடிபம்பில் வழிந்தோடும் தண்ணீரை நம்பித் தெருப் பெண்கள் கூடி, ஏரிக்கரையில் கீரையும் காராமணியும் முருங்கையும் போட்டார்கள். விளைந்ததை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. அங்கேயே ஒரே அண்டாவில் வெந்து, சின்னப் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும். பால்வாடித் தராசில் தொங்கவிட்டால் முள் நகராத பிள்ளைகளில் என் தங்கச்சியும் ஒருத்தி.

எங்களிடம் ஒரு பசு இருந்தது. பால் முழுக்கக் கும்மிடிப்பூண்டி கம்பெனி வாசல் டீக்கடைக்கு. நைனா கேனைச் சைக்கிளில் மாட்டினால் மாட்டியதுதான். தங்கச்சிக்கு ஒரு டம்ளர் கேட்டுக் கேட்டு அம்மா ஓய்ந்திருந்தாள்.

தோட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த வீட்டு மாடு உள்ளே மேய்ந்ததோ, அந்த வீட்டின் காலைப் பால் பிள்ளைகளுக்கு. எங்கள் மாட்டைக் கட்டுவது என் வேலை. ஒரு விடியலில் அது தோட்டத்தில் நின்றது. அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, செம்போடு வந்துவிட்டாள்.

"உம் பொண்ணு கட்ன லட்சணம் இன்னான்னு பாருப்பா. மாடு ஜாலியா துன்னுக்கினு கீது."

தெருவே நின்று பார்த்தது. நைனா மறுக்க முடியாமல் என்னை முறைத்தார். "ஒரு முடி போடத் தெரியல. இன்னாத்த படிக்கிற நீ?"

அடுத்த வாரமும் அவிழ்ந்தது. அதற்கடுத்தும். வேடிக்கை, மாடு கீரையைத் தொடவில்லை. ஓரத்தில் அம்மா தனியாகச் சோளம் விதைத்திருந்த கடைசிப் பாத்தியோடு நின்றுகொண்டது. அன்றெல்லாம் தங்கச்சிக்கு மேலுதட்டில் வெள்ளை மீசை.

நைனா புதுக் கயிறு வாங்கிவந்தார்.

"இனிமே நீயே கட்டு," என்றார் அம்மாவிடம். "இவ கைய நம்புனா டீக்கடைக்காரன் வேற ஊட்டாண்ட போயிடுவான்."

அம்மா முளையில் கயிற்றைச் சுற்றி, காலால் உதைத்து இறுக்கினாள்.

விடிந்தபோது மாடு கடைசிப் பாத்தியில் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு அப்படியொரு நிம்மதி. அம்மா போட்ட முடியே நிற்கவில்லை, நான் எந்த மூலைக்கு? தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினேன். பால் குடித்துக் கண் செருகத் திரும்பியவளை அம்மா தூளியில் போட்டு ஆட்டினாள். அந்தத் தூளியைக் கட்டியதும் அம்மாதான். அது ஒருநாளும் அவிழ்ந்ததில்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை.