தலைக்கு ஊற்றிய பிறகு

என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதுவதென்றால் அவருடைய முதுகிலிருந்துதான் தொடங்க வேண்டும். மாத்தளையில் ஒரு வாசனைச் சரக்கு ஸ்டோரில் அவருக்கு நாட்டாமி வேலை. லாரியிலிருந்து மூட்டை இறக்குவது, லாரிக்கு மூட்டை ஏற்றுவது, நாள் முழுக்க அதுதான். இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து வரும் மிளகும் கராம்பும் அவர் முதுகில் ஏறாமல் கண்டிக்குப் போனதில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். மூட்டையோடு லாரிக்குச் சாய்த்த பலகையில் ஏறும்போதுகூட அவர் வாய் சும்மா இருக்காது, யாரையாவது சீண்டிக்கொண்டேதான் ஏறுவார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் திட்டுவேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள் அந்த மனுஷனைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்களாம். படட்டுமே, எனக்கென்ன.

அந்த மழைக்காலத்தில் ஊரே இருமியது. பஸ்ஸில் இருமல், கடையில் இருமல், கோயில் வரிசையில் இருமல். எல்லாருக்கும் வந்து போன சளித் தடிமன்தான், இவருக்கு மட்டும் நெஞ்சில் இறங்கிவிட்டது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு படுக்க வைத்துவிட்டார்கள். ஒரு கிழமைக்கு மேல் அங்கே கிடந்து, காய்ச்சல் விட்டு, மெலிந்து வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, "என்ன புள்ள, ஆளே இல்லாம நிம்மதியா இருந்தியா?" என்று கேட்டார். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு.

எங்கள் சனங்களுக்குக் காய்ச்சல் என்பது வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் துண்டு வெட்டி அனுப்புவதோடு முடிவதில்லை. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டால் அத்தோடு தீர்ந்தது. அதற்குப் பிறகு அந்த ஆளை நோயாளி என்று வாயெடுத்துச் சொல்லவே கூடாது, அம்மனையே நம்பாத மாதிரி ஆகிவிடும். நாங்களும் ஒரு வெள்ளிக்கிழமை பார்த்து ஊற்றினோம், வெற்றிலை வைத்துக் கும்பிட்டோம். திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போனார்.

அதனால்தான் பிறகு வந்தது ஒன்றும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. படியேறினால் இளைத்தது. வயிற்றில் கேஸ் என்றோம். நெஞ்சு படபடத்தது. அதுவும் கேஸ்தான். இந்த நாட்டில் கேஸ் என்று பெயர் வைக்காத நோய் வருத்தம் ஏதாவது இருக்கிறதா? ஓமத் தண்ணீர் கொடுத்தேன், இஞ்சி தட்டிப் போட்டுக் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், குடிக்கக் குடிக்கக் கொடுத்தேன். போன காய்ச்சலை யாரும் நினைக்கவேயில்லை. அதற்குத்தான் தலைக்கு ஊற்றியாயிற்றே!

ஒருநாள் பலகையின் பாதியிலேயே மூட்டையை இறக்கி வைத்துவிட்டார். அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததே இல்லை. கூட இருந்தவர்கள், "மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சோறு ருசி கண்டிருச்சு" என்று சிரித்தார்களாம். அவர் சிரிக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, "இது கேஸ் இல்ல புள்ள. படுத்தா மூச்சு முட்டுது. ராவெல்லாம் சுவர்ல சாஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். தானாக வாய் திறந்து ஆஸ்பத்திரி கேட்ட ஆம்பளையை எங்கள் தெருவில் நான் பார்த்ததில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் ஒழிய அசைய மாட்டார்கள். அன்றைக்கு அவர் கேட்டதால்தான் இன்றைக்கு நான் நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், இதயத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள். வார்டில் இருந்த டாக்டரம்மா சிங்களப் பெண். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும், ஆனாலும் எனக்காக அவர் தமிழிலேயே தேடித் தேடிப் பேசினார். கடுமையான வைரஸ் காய்ச்சல் நெஞ்சுச் சளியோடு நிற்பதில்லையாம். கிருமியும், அதை அடிக்க உடம்பு போடுகிற சண்டையுமாகச் சேர்ந்து சிலருக்கு இதயத்தின் தசையையே வீங்க வைத்துவிடுமாம். வீங்கிய தசைக்கு இரத்தத்தைத் தள்ளப் பலம் போதாது. தள்ள முடியாமல் தண்ணீர் நுரையீரலில் தேங்கும், காலில் இறங்கும்.

"தலைக்கு ஊத்தின பிறகுமா டாக்டரம்மா?" என்று கேட்டேன். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை.

"காய்ச்சல் போயிட்டது அம்மா. ஹார்ட்டுக்கு அது இன்னும் தெரியாது" என்றார்.

பிறகு என் வீட்டுக்காரரிடமே நேராகச் சொன்னார். மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாது, ஒரு வாளித் தண்ணீர்கூட. இந்த நிலைமையில் தூக்கினால் இதயம் துடிக்கிற தாளம் தப்பும், தப்பினால் அந்த இடத்திலேயே நின்றும் போகலாம். மருந்தும் ஓய்வும் இருந்தால் நிறையப் பேருக்குத் திரும்பி வரும், சிலருக்கு முழுதாக வராது. குடிக்கிற தண்ணீரும் அளவோடுதான். நாட்டாமியைப் பார்த்துத் தூக்காதே என்றால் அவன் என்ன செய்வான்? இவர் தலையை ஆட்டினார். சும்மா ஆட்டுகிறார் என்றுதான் நினைத்தேன்.

சும்மா இல்லை. பார்க்க வந்த சொந்தமெல்லாம் கையில் செவ்விளநீரோடு வந்தது, சிலர் பிளாஸ்க் நிறையக் கொத்தமல்லியோடு வந்தார்கள். "குடிங்க, உடம்பு சூடு தணியும்" என்று ஒரே கரைச்சல். நானாக இருந்தால் இளநீரை வாசலில் வீசியிருப்பேன். இவர் இரண்டு கையாலும் வாங்கி, "ஆற அமரக் குடிக்கிறேன், வச்சிட்டுப் போங்க" என்பார். அவர்கள் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். அந்தச் சில மாதங்களில் பக்கத்து வீட்டுக்காரி முகத்தில் வந்த மினுமினுப்பைச் சொல்லி முடியாது! நாக்கு வறண்டு கிடந்தாலும் அளவு மீறி ஒரு மிடறு குடிக்கவில்லை அந்த மனுஷன்.

கேஸ் சிலிண்டரை நான் உருட்டிக்கொண்டு வரும்போதுதான் அவரைப் பார்க்க முடியாது. கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மூட்டை தூக்குவதற்குப் பலம் இருந்தால் போதும். தூக்காமல் உட்கார்ந்திருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அப்போதுதான் பார்த்தேன். கட்டியவளுக்கே பெருமையாக இருந்தது, வாய்விட்டுத்தான் சொல்லவில்லை.

அப்படியே தேர்த் திருவிழா வந்தது. வருஷா வருஷம் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற ஆட்களில் இவரும் ஒருவர். அந்தக் கனமான மரக்கட்டையைச் சக்கரத்தடியில் சரியாகச் செருகினால்தான் தேர் நிற்கும், திரும்பும். அந்த வருஷம் இவர் ரோட்டோரம் என் பக்கத்தில் நின்றார். வளைவில் தேர் மக்கர் பண்ணியது. கட்டை போடுகிறவர்களில் என் அண்ணனும் இருந்தார். வேர்த்து ஊற்ற, இவரைப் பார்த்துக் கத்தினார். "மாப்ள! என்ன வேடிக்கை பார்த்துக்கிட்டு? ஒரு கை கொடுங்க. அம்மன் காரியம், ஒன்னும் ஆகாது!"

கூட்டமே திரும்பிப் பார்த்தது. "வாங்க வாங்க" என்று நாலு பக்கமும் சத்தம். இவர் சட்டையைப் பிடித்தேன். பிடியை விலக்கிவிட்டு நடந்தார். போச்சு, என் குடி போச்சு என்று அங்கேயே தலையில் கை வைத்தேன்.

அவர் கட்டையைத் தொடவில்லை. அண்ணன் முன்னால் போய் நின்று, கூட்டத்துக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். "எனக்கு ஹார்ட்டுல வருத்தம். என்னால முடியாது."

முடியாது என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. ஊருக்கு நடுவில், தேருக்கு முன்னால், கூட மூட்டை தூக்குகிற அத்தனை பேரும் பார்க்கச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை, அண்ணனின் வெறுங்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் புசுபுசுவென்று வீங்கியிருந்தது.

"மச்சான், உங்களுக்கும் அந்தக் காய்ச்சல் வந்துச்சில்ல?"

"அது எப்பவோ போயிருச்சு. விரதத்துல நடந்து நடந்து வீங்கிருக்கு. தள்ளுங்க!"

"எனக்கும் போயிருச்சுன்னுதான் சொன்னாங்க. கட்டைய வைங்க மச்சான். என் தலைல சத்தியமா, கீழ வைங்க."

அண்ணனுக்கும் என்னைப் போலத்தான் கோபம். அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் பேச வாய் திறந்தார், பேச்சு வரவில்லை, மூச்சுத்தான் வந்தது. கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு ஆட்கள் வந்து கட்டை போட, தேர் திரும்பிப் போனது. நாங்கள் மூன்று பேரும் த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழி முழுக்க நான் அண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன்.

என்னைக் கண்டதும் அதே டாக்டரம்மா, "இப்ப யாரு?" என்றார். ஸ்கேன் பார்த்த பிறகு அவர் முகத்தில் சிரிப்பில்லை. இன்னும் கொஞ்சம் பாரம் தூக்கியிருந்தால் என்று தொடங்கியவர், மிச்சத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அண்ணனை அன்றைக்கே வார்டில் சேர்த்தார்கள்.

சாயங்காலம் பார்க்கப் போனபோது அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய உடம்பு பயந்துபோய்ச் சின்னதாகத் தெரிந்தது. இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, உங்களுக்கு இது சரியாயிருச்சா?"

"முழுசா இன்னும் இல்ல மச்சான்," என்றார் இவர். "ஆனா இருக்கேன்ல?"